இருபதடி தூரத்தில் கப்பல்

செவ்வாயின் செந்நகரில் ஒரு நாளைக்கு மூன்று தடவை சம்பளம் போட்டார்கள். காலைச் சம்பளத்துக்கு மதியத்தில் பாதி மதிப்புகூட இருக்காது என்பதால், காசைக் கையில் வாங்கியவர்கள் அப்படியே கடைக்கு ஓடினார்கள். அதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை.

காரைக்குடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் தேனப்பனுக்கு அந்த ஓட்டத்தைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மகள் உமையாளைக் கூட்டிப்போக வந்திருந்தார். செவ்வாய்த் தூசி அவள் நுரையீரலில் படிந்துவிட்டது. இன்று மாலைக் கப்பலை விட்டால் அடுத்தது இருபத்தாறு மாதம் கழித்துத்தான். அதுவரை அவள் தாங்கமாட்டாள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆறு நாள் செலவுக்கு அவர் போட்ட திட்டத்தில் ஓட்டை கிடையாது. பூமிப் பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் செங்காசாக மாற்றினார். ஆனால் பயணச்சீட்டைச் செங்காசில்தான் வாங்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். எனவே கடைசி நாள், கப்பல் நிலையத்துக்குள் வந்த பிறகே, மிச்சம் மீதி எல்லாவற்றையும் மாற்றினார். எண்ணாயிரத்து நாற்பது காசு வந்தது. இருவருக்கும் சேர்த்துச் சீட்டு எண்ணாயிரம். கவுண்ட்டருக்கு இருபதடி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

உமையாளுக்கு இருமல் தொடங்கியது. "தண்ணி வேணும் அப்பச்சி."

தண்ணீர்ப் பைக்கு விற்பனை எந்திரம் முப்பது காசு கேட்டது. தேனப்பன் நாற்பதைக் கொடுத்துவிட்டுச் சீறினார்.

"முந்தாநாள் மூணு காசுக்குக் குடுத்தியே. உங்க காசுக்கு என்ன கேடு?"

"செங்காசுக்குப் பின்னால் தங்கம் எதுவும் கிடையாது ஐயா," என்றது எந்திரம். "மக்கள் வாங்கிக்கொள்ளும்வரை அது காசு. யார் காசை ஏற்கிறார், யார் மறுக்கிறார் என்று ஊரெங்கும் ஏற்புமானிக் கருவிகள் ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இந்த நிலையத்தில் ஒருவர் காசு வேண்டாம் என்றால் சீட்டு விலை நூறு காசு ஏறும்."

"அப்ப வேண்டாங்கிறவன் தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிறான். மூளை கெட்ட ஊரு."

எந்திரம் பாக்கி பத்துக் காசை நீட்டியது. ஒற்றை நாணயம். தேனப்பன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கடையில் பத்து ரூபாய் நாணயம் நீட்டுகிறவர்களிடம் முப்பது வருடமாகச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பேச்சு, யோசிக்காமலே வந்தது.

"இது வேண்டாம்ப்பா. எங்கயும் வாங்கமாட்டாங்க. மிட்டாய் இருந்தா குடு."

பின்னால் நின்ற பெண் அதைக் கேட்டுவிட்டாள். "பூமிக்காரரே வேண்டாங்கிறாரு. எனக்கும் மிட்டாயே குடு," என்றாள். அவளையும் சேர்த்து வரிசையில் பதினாறு பேர். பதினாறு பேரும் மிட்டாய்தான் கேட்டார்கள்.

உமையாள் தண்ணீரைக் குடித்து முடித்து, இருவரும் கவுண்ட்டருக்குப் போனபோது பலகையில் ஒன்பதாயிரத்து எழுநூறு என்று இருந்தது. கப்பலின் கதவடைப்பு மணி அடித்தது. உமையாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருமினாள்.

தேனப்பன் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினார். "எம் பொண்ணு உயிருய்யா இது. எவன் பண்ணின வேலை?"

"தண்ணீர் எந்திரத்தில் பதினேழு மறுப்புகள் பதிவாகியிருக்கின்றன ஐயா," என்றது கவுண்ட்டர்.

தேனப்பன் திரும்பி, மிட்டாய் மென்றுகொண்டிருந்த வரிசையைப் பார்த்தார்.

"அந்தப் பதினாறு பேரையும் பிடிச்சு உள்ள தள்ளணும்," என்றார்.