இடது காது தெரியவில்லை!

பிணவறையில் போன் அலறியது.

ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தாள் அவள். கணவன்.

"கவுன்சில்ல இருந்து லெட்டர் வந்திருக்கு..."

"படிங்க."

"உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காரணம், புகைப்படத்தில் இடது காது தெரியவில்லை."

அவள் சிரிக்கவில்லை. போன தடவை, படித்த பாடத்திட்டத்தில் பக்க எண் இல்லையாம். அதற்கு முந்தின தடவை, நன்னடத்தைச் சான்றிதழ் மூன்று நாள் பழசாம். எட்டு வருடமாக இதே கூத்து!

"கீழ யாரு கையெழுத்து?"

"தலைவர்தான். முந்தாநாள் தேதி."

"அவர் இப்போ என் முன்னாடிதான் படுத்திருக்கார்..."

"என்னது!"

"அப்புறம் பேசறேன்."

சொந்த நாட்டில் அவள் பிரேதப் பரிசோதனை நிபுணர். பதினான்கு வருட அனுபவம். இங்கே? பிணத்தைக் கழுவித் துடைக்கும் உதவியாளர். அங்கே படித்தது இங்கே செல்லாதாம். செத்தவன் உடம்பு நாட்டுக்கு நாடு மாறும் போலிருக்கிறது!

மேஜையில், மருத்துவ அங்கீகார கவுன்சிலின் தலைவர். காலையில் கவுன்சில் அலுவலகத்தில், தன் அறையில் இறந்து கிடந்தார். டியூட்டி டாக்டர் எட்டி நின்று பார்த்து, 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். அவர் இங்கேயே படித்தவர். பார்வையும் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அவள் தலைவரின் இமையை விலக்கினாள்.

ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள்...

உதட்டின் உட்புறம் நீலமாகக் கன்றியிருந்தது. பல்லிடுக்கில் ஒரு பச்சை நூல்!

வாசலில் காகிதத்தோடு நின்ற இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள்.

"சார், இது மாரடைப்பு இல்ல. கொலை."

"நீங்க யாரும்மா?"

"கழுவறவ."

இன்ஸ்பெக்டர் சிரிக்க வாயெடுத்தார். அவள் இமையை விலக்கிக் காட்டினாள். உதட்டைப் புரட்டிக் காட்டினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"பச்சைத் துணி எதையோ மூக்கு, வாய் மேல வெச்சு அழுத்தியிருக்காங்க சார்."

"நான் நம்பறேன். கோர்ட் நம்பாதே! அங்கீகாரம் இருக்கற நிபுணர் எழுதணும். இங்க இருக்கற ஒரே ஆளும் லீவு. நாலு மணிக்கு வீட்டுக்காரங்க உடம்பைக் கேட்பாங்க."

"எனக்கு அங்கீகாரம் குடுத்தா?"

"யாரு குடுப்பாங்க?"

"குடுக்க வேண்டியவர் இவர்தான். அடுத்து, உதவித் தலைவர்."

இன்ஸ்பெக்டர் கவுன்சிலுக்குப் போன் செய்து, கொலை என்று ஓர் அம்மா சொல்வதாகச் சொன்னார். எட்டு வருடம் இழுத்தடித்த கவுன்சில், பத்தே நிமிடத்தில் அவளை அழைத்து வரக் கார் அனுப்பியது! இன்ஸ்பெக்டர் தன் நம்பரை அவளிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் பின்னாலேயே வந்தார்.

உதவித் தலைவர் தோல் டாக்டர். முகப்பரு பார்த்த கையால், ஊருலகத்து நிபுணர்களை எல்லாம் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிய மகான். அதற்குள் தலைவர் அறைக்குக் குடி வந்திருந்தார். பிணம் ஆறுவதற்குள் நாற்காலி சூடாகிவிட்டது.

"உட்காரும்மா. எட்டு வருஷமா அலையறே, பாவம்..."

எதிரே விருந்தாளிகளுக்கான இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பச்சைக் குஷன். இன்னொன்று மொட்டையாக இருந்தது.

பச்சைக் குஷனின் ஓர நூலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அவள் மொட்டை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சுருக்கமா சொல்றேன். இப்பவே உனக்கு அங்கீகாரம். நிபுணரா நீ எழுதற முதல் ரிப்போர்ட்... மாரடைப்பு."

"என் காது, சார்?"

"எந்தக் காது?"

"போட்டோல இடது காது தெரியலையாமே."

"காதைக் குப்பையில போடு! டாக்டரா வீட்டுக்குப் போறியா, பிணத்தையே கழுவறியா?"

அவள் தலை குனிந்தாள்.

"சரிங்க சார்."

கையெழுத்து. முத்திரை. எட்டு வருடம் நகராத கோப்பு எட்டு நிமிடத்தில் ஓடியது! குமாஸ்தா பதிவேட்டில் அவள் பெயரை ஏற்றும்போது, அவள் போனில் ஒரு வரி தட்டினாள். புருஷனுக்கு நல்ல செய்தி போகிறது என்று உதவித் தலைவர் இளித்தார்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. இந்த ஒரு தாளுக்காகத்தான் இத்தனை அவமானம்! பேசாமல் 'மாரடைப்பு' என்று எழுதினால் நாளையிலிருந்து அவள் டாக்டர். யாரும் கேட்கப் போவதில்லை.

பேனாவை எடுத்தாள். எழுதி நீட்டினாள்.

உதவித் தலைவர் படித்தார். முகம் வெளிறியது.

'மூச்சடைத்துக் கொலை. பல்லிடுக்கில் பச்சை நூல்.'

"ஏய்! என்ன எழுதியிருக்கே?"

"நிபுணர் கருத்து சார்."

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர்!

"குஷன் ஒண்ணு குறையுதுன்னு டாக்டரம்மா மெசேஜ் அனுப்பினாங்க. உங்க கார் டிக்கியில இருக்கு சார், எச்சில் கறையோட. ஒரு நாற்காலிக்கு ஒன்பது வருஷம் காத்திருந்தீங்க. அவர் ரிட்டயர்மென்ட் வரைக்கும் பொறுத்திருக்கலாமே?"

"அவ ரிப்போர்ட் செல்லாது! அங்கீகாரத்தை ரத்து பண்றேன்! இப்பவே!"

அவள் எழுந்தாள். சான்றிதழை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"உங்க விதிப்படி, உதவித் தலைவர் பதிவேட்டில ஒரு பேரைச் சேர்க்கலாம், நீக்க முடியாது. நீக்கத் தலைவர் கையெழுத்துதான் வேணும். அவர் என் மேஜையிலதான் இருக்கார், போய்க் கேளுங்க... ரெண்டு காதும் நல்லாவே தெரியுது!"