சட்டிகள் பறந்த அணை

ஆறு வயதுப் பொடிசுகள் முப்பது பேரை வைத்து ஓர் அணையையே நிறுத்தியவள் நான். ஆற்றையும் நிறுத்தியிருப்பேன், அதற்குள் மணி அடித்துவிட்டது.

அன்று வரலாற்று வகுப்பு. ஓய்வுபெற்றவளைச் சும்மா விடாமல் முதல் வகுப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தைகள் ஒளியரங்குக்குள் ஓடினார்கள். பழைய அணை ஒன்று தொடுஒளியில் எழும்பிக்கொண்டிருந்தது. தொட்டால் கையில் கனக்கும் ஒளி அது. கொத்தனார்கள் கல் வைத்தார்கள். சாந்துச் சட்டிகள் மட்டும் தலை உயரத்தில், வரிசையாக, தாமாகவே மிதந்து வந்தன. மரத்தடியில் ஒரு தூளி ஆளில்லாமல் ஆடியது.

“டீச்சர், அந்தக் காலத்துல சட்டி பறக்குமா?” என்றாள் நிலோபர்.

பெயர் பதிவானவர்களுக்கு மட்டுமே அரங்கு உருவம் தரும். சித்தாள் பெண்களின் பெயரை எவன் எழுதி வைத்தான்? மணி அடித்ததும் பார்த்ததெல்லாம் குழந்தைகள் மனதில் அழியாத நினைவுப்பதிவாகிவிடும். பிறகு நான் தலைகீழாக நின்று சொன்னாலும் மாறாது.

கண்காணிப்பாளர் மரியசூசை கதவருகே நின்றார். “பறந்ததுதானே? நானும் சின்னதுல இதே அரங்குல பாத்தவன்தான். பிள்ளைங்களக் குழப்பாதீங்க டீச்சர். அஞ்சு நிமிஷத்துல மணி.”

“சட்டியப் பிடிங்கடா!” என்று கத்தினேன். அடுத்த ஊர்க் காக்கைகள் பறந்திருக்கும்.

பிடித்தார்கள். ஆளுக்கொரு சட்டியை மடியில் வைத்துச் சம்மணம் போட்டுவிட்டார்கள். கொத்தனார்கள் கரண்டியோடு விழித்தார்கள்.

“வேலை ஏன் நின்றது?” என்றது அரங்கு.

“தூக்குனவங்க வரட்டும், குடுக்கறோம்,” என்றாள் நிலோபர்.

அரங்கு திணறியது. அணை கட்டி முடிந்தது என்பது அதன் பதிவு. அதை அதனால் பொய்யாக்க முடியாது. சாந்து வராமல் அணை எழும்பவும் முடியாது. விளக்குகள் மங்கின. அரங்கை மூட, வாசலோர விசைக்கு மரியசூசை பாய்ந்தார். நான் குறுக்கே நின்றேன். நான் நின்றால் வாசல் தெரியாது.

அரங்குக்கு வேறு வழியில்லை; நிலோபர் எதிரே, தலையில் சும்மாட்டோடு ஒரு பெண் எழுந்தாள். முகம் மங்கல். கையை நீட்டினாள். நிலோபர் சட்டியைக் கொடுத்தாள். பிறகு இன்னொருத்தி. ஒருத்தி தூளியிடம் ஓடினாள். அப்புறம் பத்தாயிரம் பேர்!

மணி அடித்தது.

“பத்தாயிரமெல்லாம் இல்ல. முப்பது பேர்,” என்றார் மரியசூசை. “எங்கம்மா சாகுற வரைக்கும் சொன்னாங்க, சித்தாளா சட்டி தூக்குனேன்னு. அதான் தானா பறக்குமேன்னு சிரிச்சேன் டீச்சர்.”

குழந்தைகள் செருப்பு மாட்டும் சத்தத்துக்கு நடுவே அவரே தொடர்ந்தார்.

“எனக்கு இப்பவும் பறக்குற மாதிரிதான் ஞாபகம். ஆனா தூக்குனவங்க வந்தாங்க. நான் பாத்தேன்.”