கடைசித் தொட்டியின் ஈரம்

கடைசித் தொட்டியிலிருந்த புழுக்கள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன.

செங்கல்லில் ஏதோ விரிசல் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். மேகம் மூடிய சாயங்காலம். மண்புழு உரக் கொட்டகையின் ஒற்றை பல்பு வெளிச்சத்தில், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடி, விளிம்பைத் தாண்டி நூற்றுக்கணக்கில் சிவந்த மண்புழுக்கள் வெளியேறிக்கொண்டிருந்தன. கிட்டே போனதும் வாடை முகத்தில் அடித்தது. உரம் நன்றாக விளைந்த தொட்டியில் மழை நனைத்த மண்ணின் வாசம் வரும். இதில் அழுகிய முட்டையின் நாற்றம்.

மூடியிருந்த சாக்கை விலக்கி ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தாள். விரலிடுக்கில் ஒரு சொட்டோ இரண்டு சொட்டோ கசிய வேண்டும், அதுதான் பதம். இதில் கறுத்த நீர் முழங்கைவரை வழிந்தது.

பத்து நாளாக இந்தத் தொட்டிக்கு அவள் தண்ணீரே காட்டவில்லை. முந்தாநாள்தான் கிழித்த அட்டையும் மரத்தூளும் இரண்டு கூடை கொட்டிக் கிளறியிருந்தாள். அவையும் கூழாகிக் கிடந்தன.

தங்கையிடம் மூன்று முறை கேட்டாயிற்று.

"நீ ஏதாவது தண்ணி ஊத்தினியா?"

"ஐயோ, இல்லக்கா. நான் அந்தப் பக்கமே போகல. கூரைதான் ஒழுகுது போல."

அம்மா போன பிறகு இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை. அது சொன்னால் வேதவாக்கு. அக்கா ஏணி போட்டு ஏறி, கூரைத் தகட்டை முழுக்கத் தடவிப் பார்த்தாள். ஊசி நுழைய ஓட்டை இல்லை. அப்போதும் தன் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டாள்.

இன்று ஒரு முடிவோடு மண்டியிட்டாள். எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு அடியைப் பார்த்துவிட வேண்டும். ஈரக் குப்பை அவள் கைகளைச் சத்தத்துடன் உறிஞ்சி உறிஞ்சி விட்டது. இடையில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். அப்போதுதான் கேட்டது.

சொட்டு.

சொட்டு.

மேலேயிருந்து அல்ல. கீழேயிருந்து. கிணற்றுக்குள் விழுவதுபோல.

மற்ற தொட்டிகளுக்கெல்லாம் அடியில் சிமெண்ட் போட்டாயிற்று. இதற்கு மட்டும் இன்னும் போடவில்லை. மண் தரைதான், கல்லாய் இறுகிய தரை. உரம் கிளறும் கைமுள்ளை ஓங்கிக் குத்தினாள். மண் இல்லை. பலகை.

ஒரு பலகையைப் பெயர்த்தாள். குளிர் மூச்சாக எழுந்தது. இரண்டாவதையும் பெயர்த்தாள்.

குழி. ஓரங்கள் மண்வெட்டியால் சீராகச் செதுக்கப்பட்டிருந்தன. வெண்ணெய்போல இளகிய மண். நாள்தோறும் ஊறவைத்து, அவள் வெளியே போன வேளையில் குப்பையை ஒதுக்கி, நாள்தோறும் கொஞ்சம் வெட்டிய மண். கொட்டகைக்குப் பின்னால் புதிதாகக் குவிந்திருந்த மண்ணை, "செடி வைக்கக்கா" என்றாளே தங்கை. இவளும் நம்பினாளே.

குழியின் நீளத்தை அவள் அளக்கவில்லை. அளக்கத் தேவையிருக்கவில்லை. தன் உயரம். ஒரு சாண் கூடுதல்.

அடியில் வெள்ளையாக ஏதோ. குனிந்தாள்.

தலையணை.

அவளுடையது. இன்று காலைவரை தலை வைத்துப் படுத்தது. உறை மட்டும் புதிதாகத் துவைத்து, சுருக்கமில்லாமல் இழுத்து மாட்டியிருந்தது. யாரோ படுத்து அளவு பார்த்ததுபோல, நடுவில் தலை அளவுக்கு ஒரு பள்ளம்.

பின்னால் கொட்டகைக் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள்.

"நீதானக்கா சொன்ன? ஈரம் ஒரே பதமா இருக்கணும்னு."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கொஞ்சல்கூட இருந்தது.

அக்கா எழப் பார்த்தாள். முழங்கால் வழுக்கியது. திரும்பினாள்.

தூங்கும் குழந்தைக்குப் போர்த்த வருகிறவளைப்போல, சொட்டச் சொட்ட நனைந்த சாக்கை இரு கைகளிலும் அகல விரித்துப் பிடித்தபடி, புழுக்களை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, தங்கை வந்துகொண்டிருந்தாள்.