சிவப்புச் சீட்டு இல்லாத சமையலறை

தினமும் காலையில் சமையற்காரி கோமளா குளிரறைக் கதவைத் திறந்ததும் பாத்திரங்கள் வரிசையாகத் தங்கள் வயதைச் சொல்லும். "பருப்பு, நேற்று மாலை வெந்தேன்." "தயிர், மதியத்துக்குள் எடுத்துவிடுங்கள்." நிலவின் தென்துருவத்தில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு பாத்திரத்திலும் முகர்சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே கிருமி பெருகினால் அது மோப்பம் பிடித்துச் சிவக்கும். சிவந்ததை அடுக்கன் என்ற எந்திரன் உரத்தொட்டியில் கொட்டிவிடும்.

அன்று எதுவும் பேசவில்லை. அலமாரிகள் துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தன. அரிசி மூட்டையைக்கூடக் காணோம்.

"அடுக்கா, சாப்பாடெல்லாம் எங்கே?" கோமளா எந்திரனிடம் கேட்டாள்.

"உரத்தொட்டியில், அம்மா. இன்று ஆய்வுக்கு வரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி பார்க்கும்போது ஒரு சிவப்புச் சீட்டும் இருக்கக் கூடாது என்று நிர்வாகி சொன்னார். பச்சைச் சீட்டும் ஒருநாள் சிவக்கும். ஆகவே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்."

சரக்கு ஓடம் மாலையில்தான் வரும். மற்றவர்கள் எப்படியோ தாங்குவார்கள். இருதயராஜ் தாங்க மாட்டார். சுரங்க வண்டி ஓட்டி ஓய்வுபெற்ற சர்க்கரை நோயாளி. காலை இன்சுலின் ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று; சாப்பிடாவிட்டால் சர்க்கரை அளவு இறங்கிவிடும்.

நிர்வாகி ஞானசேகரிடம் ஓடினாள். "சார், ஒரு பருக்கை இல்ல. பக்கத்துக் குடியிருப்புல கேட்டு வாங்கட்டுமா?"

"அதிகாரி உள்ள வந்துட்டாரும்மா. அவர் போற வரைக்கும் பொறுத்துக்கங்க" என்றார் அவர், காலரைச் சரிசெய்தபடி.

அவள் திரும்பி வந்தபோது இருதயராஜின் நெற்றி வியர்த்திருந்தது. கை நடுங்கியது.

"என்னம்மா... இன்னிக்குப் பட்டினியா?" நாக்கு குழறியது.

கோமளா தனக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, சர்க்கரைப் பொங்கலை ஊட்டினாள். "மெதுவா முழுங்குங்கய்யா." கொஞ்ச நேரத்தில் அவரே கரண்டியை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

வாசலில் அதிகாரி நின்றிருந்தார், பின்னால் முகம் வெளுத்த ஞானசேகர்.

"இதுல சீட்டு இல்லையே?" டப்பாவைக் காட்டிக் கேட்டார் அதிகாரி.

"வீட்டுச் சாப்பாடு சார்."

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

மாலையில் சரக்கு ஓடத்தோடு அறிக்கையும் வந்தது. ஞானசேகர் அதை எல்லோரையும் கூட்டிவைத்து வாசித்தார். நிலவிலேயே மிகப் பாதுகாப்பான சமையலறை இதுதான். இந்த ஆண்டு விருதும் இதற்கே. கடைசி வரி வந்தபோது மட்டும் அவர் குரல் தணிந்தது.

குறை ஒன்றே ஒன்று: ஆய்வின்போது ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.