கொல்லையில் எடுத்த மண்

பூஜ்யத்துக்குக் கீழே எண் வந்தபோது, கருவிதான் கெட்டுவிட்டது என்று அவள் நினைத்தாள். மண்ணில் விஷம் இருக்கும், அல்லது இருக்காது. இல்லாததைவிடக் குறைவாக எப்படி இருக்கும்?

மூடிப்போன சாயப்பட்டறையின் நிலத்தைத் தோண்டிச் சுத்தப்படுத்தியிருந்தார்கள். இனி வீடு கட்டலாமா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மண் ஒரு கைப்பிடி வேண்டும். அதன் அளவைக் கருவி கழித்துக்கொள்ளும். அதற்காக எங்கே போய் அலைவது என்று தன் வீட்டுக் கொல்லையிலேயே எடுத்து வந்துகொண்டிருந்தாள்.

இன்று அதை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தாள். எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. இத்தனை நாளும் விஷத்திலிருந்து விஷத்தைக் கழித்துவிட்டு, சுத்தம் என்று எழுதியிருக்கிறாள். வேலிக்கு ஓணான் சாட்சி!

கொல்லைப் பள்ளத்தை நிரப்ப அவள் கணவன் லாரிக்காரனிடம் சும்மா வாங்கிப் போட்ட மண் அது. எங்கே தோண்டியது என்று அப்போதே கேட்டாள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சிரித்தான். பட்டறை மண் எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்தது. உடனே அவனுக்கு போன் போட்டாள்.

"பாப்பா எங்க?"

"கொல்லையிலதான், குழி தோண்டிட்டிருக்கா."

"உடனே தூக்கிட்டு உள்ள போங்க."

"சரி, இறங்கித் தூக்கறேன்."

அவள் வீடு சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. முன்கதவு திறந்து கிடந்தது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தொண்டையைக் கரிக்கும் அந்தப் பட்டறை வாடை, இத்தனை நாள் தன் துணியில்தான் ஒட்டி வருகிறது என்று அவள் நம்பியிருந்த வாடை, கூடமெங்கும் கனத்து நின்றது. கூப்பிட்டாள். கொல்லைப் பக்கம் போனாள்.

கொல்லைப் படியில் இரண்டு ஜோடிச் செருப்பு. பெரியது ஒன்று, சின்னது ஒன்று. அதற்கப்பால் மண் ஈரமாக, கையால் தடவி விட்டதுபோல மட்டமாக இருந்தது. குழி இல்லை. கால்தடம் இல்லை. மகளின் பிளாஸ்டிக் கரண்டியின் பிடி மட்டும் நடுவில் தெரிந்தது.

ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள். மறுபடி போன் போட்டாள்.

மணி அடித்தது. காலுக்குக் கீழே.

நின்றது. யாரோ எடுத்தார்கள்.

"அம்மா," என்றாள் மகள், மெதுவாக. "நீ நிக்கற இடத்துலதான் இருக்கோம். அப்பா உன் காலைப் பிடிச்சிருக்காரு."

அவள் காலைத் தூக்கினாள். வரவில்லை. மண் முழங்காலுக்கு ஏறியது.