இடக்கண் வளையம்

துப்பறியும் அலுவலகத்துக்கு வந்ததும் மேடம் செய்யும் முதல் வேலை, தன் சுழல் நாற்காலியின் லிவரை இழுத்து இருக்கையை உயர்த்துவது. அது ஏன் தினமும் இறங்கிக் கிடக்கிறது என்று அவர் கேட்டதில்லை. எதிரே ஸ்டூலில் உட்காரும் குள்ளமான உதவியாளனும் சொன்னதில்லை. எதிலும் முந்திக்கொள்வதால் அவனுக்கு ‘அவசரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாயாக அலைவது நான், பேர் வாங்குவது மேடம் என்று அவனுக்கு உள்ளூர வயிறு எரியும்.

அன்று நாற்காலி உயர்ந்து முடிவதற்குள் ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றார். கல்லூரி ஆசிரியை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் தாவரவியல் பட்டப்படிப்புக்குப் பொறுப்பாளர். அந்தப் பட்டம் இந்த நாட்டில் செல்லுபடியாக வேண்டுமென்றால், அங்கே உள்ள ஆய்வகத்துக்கு இங்கே உள்ளது எதிலும் குறையக்கூடாது என்பது அரசின் புது விதி. பார்வையிடும் குழு அன்று பிற்பகல் வருகிறது. ஆனால் புது மைக்ரோஸ்கோப்பில் மிக நுட்பமான லென்ஸை யாரோ கழற்றிவிட்டார்கள்.

“வேற லென்ஸ் வரவழைக்க மாசக்கணக்காகும் மேடம். அது இல்லேன்னா அங்கீகாரம் கிடைக்காது. கடைசி வருஷப் பிள்ளைங்க இந்தப் பட்டத்த வெச்சு இங்க ஒரு வேலைக்கும் போக முடியாது” என்றார்.

பூட்டு உடையவில்லை. முந்தின மாலை ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தக் கூட இருந்தவர்கள் மூன்று பேர். கல்லூரியின் சொந்தத் தாவரவியல் படிப்புக்குத் துறைத் தலைவர் ஒருவர். ஆய்வக உதவியாளர் இன்னொருவர். மூன்றாமவர் ஆசிரியையின் கணவர். துறைத் தலைவருக்குக் கீழே அதே சொந்தப் படிப்பில் பாடம் நடத்துபவர்.

கல்லூரியில் துறைத் தலைவர் மூடி மறைக்கவில்லை. ஒரே வராந்தாவில் அந்தப் பக்கம் ஏ.சி., இந்தப் பக்கம் ஓடாத மின்விசிறி, வெளிநாட்டுப் பட்டம் என்றால் கொம்பா முளைத்திருக்கிறது என்று பொரிந்து தள்ளினார். ஆய்வக உதவியாளர், புதுக் கருவிகளைத் துடைக்கும் வேலை வந்ததிலிருந்து தன் முதுகே போய்விட்டது என்று அலுத்துக்கொண்டார். கணவர் மட்டும் பேசாமல் மனைவிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்ற இருவருக்கும் கண்ணாடி கிடையாது. இவருடையதில் இடப்பக்கம் மட்டும் சோடாபுட்டி. வலப்பக்கம் சாதாரணக் கண்ணாடி.

“துறைத் தலைவர்தான். மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு” என்று அவசரம் காதைக் கடித்தான்.

“கத்துறவங்களுக்குக் கத்தினதுலயே பாதி எரிச்சல் தீர்ந்துடும். அத விடுங்க. நீங்களா இருந்தா லென்ஸ என்ன பண்ணியிருப்பீங்க? தூக்கி எறிஞ்சிருப்பீங்களா?”

“எதுக்கு எறியணும்? என் இடத்துக்குக் கொண்டுபோய் ஒரு தடவையாவது...” என்று தொடங்கியவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். பாம்பின் கால் பாம்பறியும். மேடம் அவனைப் பார்க்கவே இல்லை. நேரே எதிர்ப்பக்கம், சொந்தப் படிப்பின் ஆய்வகத்துக்கு நடந்தார்.

அங்கே பழைய மைக்ரோஸ்கோப்புகள் உறை போட்டு வரிசையாக நின்றன. மேடம் ஒவ்வொரு உறையாக எடுத்தார். மங்கிய லென்ஸ்களுக்கு நடுவே ஒன்று பளபளத்தது. திருகு மரை இரண்டிலும் ஒன்றே என்பதால் புது லென்ஸ் பழைய கருவியில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அடியில் ஒரு கண்ணாடித் தகடும் இருந்தது. மேடம் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு எல்லோரையும் அழைத்து, எதையும் தொடாமல் ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார்.

துறைத் தலைவருக்கு வலக்கண்ணில் தெளிவாகவும் இடக்கண்ணில் கலங்கலாகவும் தெரிந்தது. ஆய்வக உதவியாளரும் அதையே சொன்னார். கணவர் பழக்கதோஷத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

“மகரந்தம். முள்ளு முள்ளா, ரெண்டு கண்ணுக்கும் நல்லாத் தெரியுது” என்றார். சொன்ன பிறகுதான் முகம் வெளுத்தது.

“இடப்பக்கக் குழாயில ஒரு வளையம் இருக்கு. பார்க்கறவங்க தங்கள் கண்ணுக்குத் தக்கபடி திருப்பிக்குவாங்க. இங்க அது கடைசி வரைக்கும் திரும்பியிருக்கு. இடக்கண் மட்டும் ரொம்ப மங்கலா இருக்கறவர், கண்ணாடியக் கழட்டிட்டுப் பார்த்திருக்கார்” என்றார் மேடம்.

ஆசிரியையின் விரல் அந்த வளையத்தின் மேல் இருந்தது. “படிக்கும்போது நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மைக்ரோஸ்கோப். நீ பார்த்துட்டு எழுந்தா, தினமும் நான்தான் இதத் திருப்பி வைப்பேன்” என்றார் கணவரிடம்.

“இப்ப எங்க போனாலும் என்னை உன் புருஷன்னுதான் அறிமுகம் பண்றாங்க. நீ நடத்துற அதே பாடத்தத்தான் நானும் நடத்துறேன். ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வெச்சுடலாம்னுதான் எடுத்தேன். பார்த்த பிறகு திருப்பிக் குடுக்க மனசு வரல.”

“கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?”

“அதான். உன்கிட்டக் கேக்கணுமே.”

ஆசிரியை வளையத்திலிருந்து விரலை எடுத்தார். “நீயே கழட்டி நீயே கொண்டுவந்து மாட்டு. குழு வர்றப்ப நீயும் பக்கத்துல நில்லு” என்று மட்டும் சொன்னார். கணவர் லென்ஸைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வராந்தாவைக் கடந்தார். குழு வந்து பார்த்துவிட்டு, குறையில்லை என்று சொல்லிப் போனது. பிள்ளைகளின் பட்டம் பிழைத்தது. அந்த வீட்டில் அன்று என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, “நாற்காலியில உட்காருங்க, வேண்டாம்னு சொல்லல. எழுந்திருக்கும்போது மட்டும் பழைய உயரத்துக்கு வெச்சுடுங்க” என்றார். வழக்கமான அதே அமைதியான குரல்தான்.

அவசரத்துக்குக் காது மடல் வரை சுட்டது. எத்தனை நாளாகத் தெரியுமோ என்று நினைக்கவே கூசியது. அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. படியில் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் அவன் எழுந்தான். இந்தத் தடவை லிவரைத் தொடவில்லை. அவர் வைத்த உயரத்திலேயே ஏறி உட்கார்ந்தான். கால் தரையில் எட்டவில்லை.