முதல் தட்டு

வில்லியனூர்ப் பெண்கள் விடுதியில் இரண்டு சட்டாம்பிள்ளைகள். ருக்குமணி "வரிசை" என்று ஒரு குரல் கொடுத்தால், தெருவில் போகிற ஆடுகூட வரிசையில் நின்றுவிடும். செல்லக்கண்ணுவுக்கோ வாயைத் திறக்கவே யோசனை. இப்படிப் பேசாத பெண்ணைப் போய்ச் சட்டாம்பிள்ளை ஆக்கினோமே என்று விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பவுனம்மாள் அடிக்கடி அலுத்துக்கொள்வார். செல்லக்கண்ணுவுக்கு அது ரொம்ப வருத்தம்.

அந்த வாரம் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து ஏழு வயது ஜெயா வந்து சேர்ந்தாள். விடுதி வழக்கப்படி, இருப்பதிலேயே சின்னவளுக்குத்தான் முதல் தட்டு. சுடச்சுடச் சோறு விழுந்தது. ஜெயா தொடவில்லை. மறுநாளும் அப்படித்தான்.

ருக்குமணி அதட்டினாள், கெஞ்சினாள், கதைகூடச் சொன்னாள். ஜெயா அழுதாள். கடைசியில் ருக்குமணியும் அழுதுவிட்டாள்.

அது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். பள்ளிக்கு வியாழக்கிழமை விடுமுறை. அன்று ஜெயாவின் அப்பா வருவார். அதற்குள் இவள் சாப்பிடாவிட்டால் அவரோடு அனுப்பிவிடப் போவதாகப் பவுனம்மாள் சொல்லிவிட்டார். போனால் அவ்வளவுதான், படிப்பு நின்றுவிடும்.

புதன்கிழமை மத்தியானம் செல்லக்கண்ணு ஜெயாவின் பக்கத்தில் வந்து பேசாமல் உட்கார்ந்தாள். ஜெயா தன் தட்டைப் பார்க்கவே இல்லை. இன்னும் சோறு விழாத தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வூட்டுல நீ எப்ப சாப்புடுவ?" என்று மெல்லக் கேட்டாள் செல்லக்கண்ணு.

"தம்பிங்களுக்குப் போட்டுட்டு, அப்பறமா," என்றாள் ஜெயா. "யாராச்சும் பசியோட குந்தினு இருந்தா எனக்கு எறங்காதுக்கா."

செல்லக்கண்ணு எழுந்து போய், சமைக்கும் சின்னபொண்ணு அக்காவிடம் பூசணிக்காய்ப் பொரியல் சட்டியை வாங்கி வந்தாள். சட்டியை அவள் பிடித்துக்கொள்ள, ஜெயா கரண்டியால் எல்லாருக்கும் போட்டாள். முதல் தட்டுகளில் மலை மலையாக விழுந்தது. கடைசியில் ஜெயாவுக்கே பொரியல் இல்லை. ருக்குமணி தன் மலையில் பாதியை அவள் தட்டில் தள்ளினாள்.

ஜெயா சாப்பிட்டாள். மறுபடியும் சோறு கேட்டாள். பவுனம்மாள் செல்லக்கண்ணுவின் தலையை வருடினார். இனி விடுதிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாம் அவள் பொறுப்பு என்றார். செல்லக்கண்ணுவுக்குச் சந்தோஷத்தில் அன்றும் பேச்சு வரவில்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அப்பா வந்தார். மகள் முகம் வாடியிருக்குமோ என்று பயந்தபடி வாசலில் நின்று, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார்.

ஜெயா கையில் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் குந்துப்பா. இன்னும் பதினோரு தட்டு இருக்குது."